ஒரு ‘ப்’ பாக்கி

தமிழய்யா தவறிவிட்டார் என்று தை மாதம் ஊரிலிருந்து செய்தி வந்தது. பள்ளியின் பெயரை மாற்றப் போகிறார்கள் என்ற செய்தியும் அதே வாரம்தான் வந்தது. முதலாவதற்கு நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். இரண்டாவதற்கு விடிய விடியச் சண்டை. ஐயாவைப் பற்றி மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார் செயலாளர். எழுத உட்கார்ந்தால் இரண்டும் பின்னிக்கொள்கின்றன.

பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. மலரின் அட்டையிலேயே இருக்கிறது.

1973, ஒன்பதாம் வகுப்பு. ஆண்டு விழாவுக்கு வாசல் கரும்பலகையில் அறிவிப்பு எழுதும் வேலை எனக்கு. என் கையெழுத்தின் மேல் எனக்கு அவ்வளவு கர்வம். எழுதி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு நின்றேன். ஐயா குடையை ஊன்றிக்கொண்டு படித்தார்.

“உயர்நிலை பள்ளியா? ப் எங்கடா?”

விழித்தேன்.

“நிலைக்கும் கதவுக்கும் நடுவுல கீல் இல்லாம கதவு எப்படிடா நிக்கும்?”

அடித்திருந்தால் மறந்திருப்பேன். சமையற்கட்டிலிருந்து ஒரு கரித்துண்டு வாங்கிவரச் சொன்னார். தெருப்பக்கச் சுவரில் பள்ளியின் பெயரை, ப் போட்டு, நூறு முறை எழுத வேண்டும். மாலை மணி அடித்தபோது அறுபதைத் தாண்டியிருந்தேன். கேர்ள்ஸ் ஸ்கூல் விட்டு எந்த வழியாகப் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் என் அத்தை மகளும் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. ஐயாவோ புங்கமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். கரி சும்மா இருக்குமா, சுண்ணாம்பை மீறிக்கொண்டு மங்கலாக வெளியே வந்தது.

1982-ல் சிங்கப்பூர் வந்து செம்பவாங் பக்கம் ஒரு சிப்யார்டில் பெயின்டராகச் சேர்ந்தேன். கப்பல் கைமாறினால் முதல் வேலை பழைய பெயரை எடுப்பது. வெல்டிங்கில் வரி போட்ட எழுத்து மேடாக இருக்கும். கிரைண்டர் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட் அடித்துவிட்டுப் புதுப் பெயர் எழுதுவோம். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் பழைய பெயர் அடியில் தெரியும். எத்தனை கப்பலுக்குப் பெயர் மாற்றியிருப்பேன்! ஒன்றுக்காகவும் நான் மனு எழுதியதில்லை.

நான் வந்த வருஷம்தான் இங்கே லிட்டில் இந்தியாவில் தேக்கா மார்க்கெட்டுக்குப் புதுக் கட்டடம் வந்து, ‘ஜூஜியாவ் சென்டர்’ என்று பலகை மாட்டினார்கள். இரண்டுமே சீனப் பெயர், பொருள் என்னவோ ஒரே மூங்கிலடிதான், உச்சரிப்புதான் வேறு. ஒருவர் வாயிலும் நுழையவில்லை. 2000-ல் தேக்கா என்றே திருத்திவிட்டார்கள். குழுவில் நம்மவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். சரி, தேக்காவைத் தினமும் ஆயிரம் பேர் வாய்விட்டுச் சொன்னார்கள். நம் பள்ளியின் முழுப் பெயரை நம்மில் யார் சொன்னோம்? பாய்ஸ் ஸ்கூல் என்போம். என் பெரியப்பாவுக்கு அது போர்டு ஹைஸ்கூல். பிளஸ் டூ வந்த 1978-க்குப் பிறகு மேல்நிலை ஆனது. மாவட்டமே தஞ்சாவூராக இருந்து, 1991-ல் நாகப்பட்டினமாகி, 1997-ல் திருவாரூர் ஆனது. என் சர்ட்டிபிகேட்டில் தஞ்சாவூர், தம்பி பேரனுடையதில் திருவாரூர். ஒரே திண்ணை. அப்போதெல்லாம் நாம் எங்கே போயிருந்தோம்?

இப்போது பெயர் கேட்பவர் வெளியாள் இல்லை. நமக்கு இரண்டு செட் பின்னால் படித்தவர், துபாயில் நன்றாக இருக்கிறார். ஆறு வகுப்பறையும் ஓர் ஆய்வகமும் கட்டித் தருகிறாராம், அப்பா பெயரை வைக்க வேண்டுமாம். அந்த அப்பாவை உங்களுக்குத் தெரியும். இன்டர்வெல் மணிக்கு கேட் கம்பி வழியாகக் கையை நீட்டி சேமியா ஐஸ் கொடுப்பாரே, அவர்தான். காசில்லாத நாளிலும் கொடுப்பார்.

இப்போதிருக்கும் பெயர் நிலம் கொடுத்த மிராசுதாருடையது. “நிலம் கொடுத்தவர் பேர் இருக்கலாம், ஐஸ் கொடுத்தவர் பேர் இருக்கக் கூடாதா?” என்று என் மனைவி கேட்டாள். அன்று சிரிக்காமல் போன அத்தை மகள்தான். பதில் சொல்லாமல் டிவியைப் போட்டேன்.

என் தயக்கம் வேறு. 1994-ல் ஐயாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்குப் புதிதாக இரும்புப் பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள், பெயின்டர் ‘மேல்நிலை பள்ளி’ என்று எழுதிவிட்டான், சொன்னால் இடமில்லை என்கிறான், நீ கப்பலுக்கே எழுதுகிறவனாமே, லீவில் வந்தால் ஒரு ப் வைத்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தில் ஓர் ஒற்றுகூட விடுபடவில்லை. நான் ஊருக்குப் போகவில்லை. ஓவர்டைம் நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. பள்ளிக்கென்று நூறு சிங்கப்பூர் வெள்ளி அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு கார்டு வந்தது, ப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதன் பிறகு மூன்று முறை ஊருக்குப் போயும் பள்ளிப் பக்கம் போகவில்லை. போனால் ஏணி கேட்பார் என்று பயம். நாமும் பணம்தான் அனுப்பினோம். துபாய்க்காரர் கொஞ்சம் கூடுதலாக அனுப்புகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது செயலாளர் மனுவை நீட்டினார். முதன்மைக் கல்வி அலுவலருக்கு. தலைமுறைகளின் அடையாளம், உயிர்மூச்சு என்றெல்லாம் இருந்தது. கூடவே பலகையின் போட்டோவையும் இணைத்திருந்தார்கள். முப்பது வருஷ வெயிலில் பெயின்ட் உரிந்திருக்கிறது, நிலைக்கும் பள்ளிக்கும் நடுவே இன்னும் வெறும் தகரம்தான். மனுவின் தலைப்பைப் பார்த்தேன். அங்கேயும் மேல்நிலை பள்ளி.

பேனாவை வாங்கி இடுக்கில் ஒரு ப் எழுதினேன். புள்ளியை அழுத்தி வைத்ததில் தாள் லேசாகக் கிழிந்தது.

“என்னண்ணே கிறுக்கிட்டீங்க?” என்று தாளைத் தூக்கிப் பார்த்தார் செயலாளர். அப்புறம், “கையெழுத்துப் போடலியே?” என்றார்.