வாய்க்கால் கரைக்கு எந்த வண்டி? நான் கியர் பைக் வாங்கி ஓட்டக் கத்துக்கிட்ட அனுபவம்

எனக்கு 29 வயசு, லால்குடில இருக்கேன். விவசாயிங்க வயலுக்குப் போய் மண் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புறது என் வேலை. ஒரு மாதிரிக்கு அரை கிலோ மண்ணு, துணிப்பையில போட்டு பேரு, சர்வே நம்பர் எழுதிக் கட்டணும். ஒரு நாளைக்கு 20 எடுத்தா 10 கிலோ தோள்ல ஏறிடும். பூவாளூர், அன்பில் பக்கமெல்லாம் பஸ் போகும், ஆனா பஸ் நிக்குற எடத்துலேருந்து வயலு ரெண்டு மூணு கிலோமீட்டர் உள்ள இருக்கும், வாய்க்கால் கரையிலயே நடக்கணும், திரும்ப வரப்ப அந்த மண்ணையும் தூக்கிட்டு நடக்கணும், பஸ்ஸ விட்டா அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் உக்காரணும். அஞ்சு வருஷம் இப்படியே ஓடுச்சு. 2025 ஜூலைல தோள்பட்டை வலி தாங்க முடியாம போனப்பதான் வண்டி வாங்குறதுன்னு முடிவு பண்ணேன்.

வாங்கப் போறேன்னு சொன்ன உடனே வீட்ல, ஆபீஸ்ல, தெருவுல எல்லாரும் ஒரே வார்த்தை, "ஸ்கூட்டி வாங்கிக்க." பொம்பளப் புள்ளன்னா ஸ்கூட்டிதான்னு யோசிக்காமலே சொல்லிடுறாங்க. டவுனுக்குள்ள ஓட்டுறதுன்னா நானும் அதத்தான் வாங்கிருப்பேன், கியர் கவலை இல்ல, காலுக்குக் கீழ சாமான் வெச்சுக்கலாம். ஆனா நான் போறது பெருவளை வாய்க்கால் கரை, புள்ளம்பாடி வாய்க்கால் கரை. டிராக்டர் போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல மேடு, அதுல புல்லு மண்டிக் கெடக்கும். ஒருநாள் கூட வேலை பாக்குற அக்காவோட ஸ்கூட்டில பின்னாடி உக்காந்து போனேன், முன் சக்கரம் அந்தப் பள்ளத்துக்குள்ள எறங்குச்சு, மேல ஏறவே இல்ல, அப்படியே சாஞ்சோம். சின்ன சக்கரம், 10 இஞ்சு 12 இஞ்சுன்னு இருக்கும், பள்ளம் முழுங்கிடுது. பைக்குல 17, 18 இஞ்சு சக்கரம், அதே பள்ளத்துல ஏறி வந்துடுது. எனக்கு கியர் வண்டி வேணும்னு அன்னிக்கே முடிவாயிடுச்சு, சிசி, மைலேஜ், கலர் எல்லாம் அப்புறம்தான்.

எந்த வண்டின்னு பாக்குறதுக்கு முன்னாடி என் உயரத்தச் சொல்லிடுறேன், அஞ்சடி ஒரு இஞ்சு. தம்பி புல்லட் வாங்கச் சொன்னான். கிளாசிக் 350 ஷோரூம்ல ஏறி உக்காந்தும் பாத்தேன், சீட்டு 805 மில்லிமீட்டர், வண்டி 195 கிலோ. ரெண்டு கால் விரல் நுனிதான் தரையத் தொட்டுச்சு, சைடு ஸ்டாண்டுலேருந்து நிமுத்தவே மூச்சு வாங்குச்சு. அழகான வண்டி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா சேத்துல சாஞ்சா தனியா தூக்கணும்ல. அடுத்து ஸ்பிளெண்டர், சீட்டு 785, எடை 112 கிலோ. அப்புறம் டிவிஎஸ் ரைடர் 125, சீட்டு 780, எடை 123 கிலோ. இந்த ரெண்டுலயும் பாதத்தோட முன்பாதி நல்லா ஊனுச்சு. உக்காந்து பாக்குறது மட்டும் பத்தாது, எறங்கி நின்னு வண்டியப் பின்னாடி தள்ளியும் பாக்கணும், இது யாரும் எனக்கு சொல்லல, நானே ஷோரூம்ல கேட்டு தள்ளிப் பாத்தேன். அந்த சேல்ஸ் பையன் கொஞ்சம் விநோதமாத்தான் பாத்தான்.

நடுவுல ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டியும் வந்துச்சு, வெல கொறைவு. ஆர்சி புக்குல பாத்தா ஹெச்பி போட்டிருக்கு, அதாவது ஃபைனான்ஸ் கடன் இன்னும் அடையல. "அதெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம்"னு விக்கிறவரு சொன்னாரு. ஃபைனான்ஸ்ல என்ஓசி, அதாவது தடையில்லா சான்று வாங்கி ஹெச்பிய எடுக்காம நம்ம பேருக்கு மாத்துறது பெரிய தலவலி, அதனால விட்டுட்டேன்.

சரி, ஓட்டக் கத்துக்கிட்ட கதைக்கு வர்றேன். எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ் போட்டுட்டுதான் வண்டியத் தொடணும்னு சித்தப்பா கறாரா சொல்லிட்டாரு, பரிவாஹன்ங்குற கவர்மெண்டு சைட்டுலயே விண்ணப்பிச்சு டெஸ்ட் எழுதி வாங்கியாச்சு. ஆறு மாசம் செல்லும், 30 நாள் கழிச்சுதான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போக முடியும். அந்த 30 நாள எனக்கு முழுசா குடுத்தாரு சித்தப்பா. அவரோட ஸ்பிளெண்டர், இடம் ஊருக்கு வெளிய பிளாட் போட்டு வெச்சிருக்குற மனை. தார் ரோடு போட்டு கல்லு நட்டு வெச்சிருப்பாங்க, வீடு ஒண்ணும் வந்திருக்காது, காலைல ஆறு மணிக்குப் போனா ஆடு மேய்க்குறவங்களத் தவிர ஆளே இருக்காது. புதுசா கத்துக்குறவங்களுக்கு அத விட நல்ல எடம் கெடையாது.

முத நாள் சாவியே குடுக்கல. "பாப்பா, இன்னிக்கு வண்டிய தள்ளு, அவ்ளோதான்"ன்னாரு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு, விடியக்காலைல எந்திரிச்சு வந்தது தள்ளுறதுக்கான்னு. நியூட்ரல்ல போட்டு, ஹாண்டில ரெண்டு கையாலயும் புடிச்சு, இடுப்ப சீட்டு ஓரத்துல சாச்சுக்கிட்டு தள்ளணும். வண்டி நம்ம பக்கம் லேசா சாஞ்சே இருக்கணும், அந்தப் பக்கம் போயிட்டா புடிக்க முடியாது. முன்னாடி தள்ளு, பின்னாடி தள்ளு, எட்டு மாதிரி தள்ளு, செண்டர் ஸ்டாண்டு போடு, எடு. செண்டர் ஸ்டாண்டு கை பலத்துல போடுறதுன்னு நெனச்சிட்டு இருந்தேன், ஸ்டாண்டோட கம்பி மேல மொத்த ஒடம்பு எடையையும் வெச்சு மிதிச்சா வண்டி தானா ஏறுது.

ரெண்டாவது நாள் ஸ்டார்ட் பண்ணோம், ஆனா ஆக்சிலரேட்டரத் தொடக்கூடாது. ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்ச நூலு நூலா விடு, அவ்வளவுதான். பாதி விட்ட எடத்துல இஞ்சின் சத்தம் லேசா எறங்கும், வண்டி மூக்க நீட்டுன மாதிரி ஒரு அசைவு குடுக்கும், அங்கயே விரல நிறுத்தணும். அதத் தாண்டி டபக்குனு விட்டா ஆஃப் ஆயிடும். அரை மணி நேரம் இத மட்டும் பண்ணேன், ஒரு இருபது தடவ ஆஃப் ஆயிருக்கும், அப்புறம் திடீர்னு கைக்குப் புரிஞ்சிடுச்சு, அந்த சத்தம் எறங்குற எடம் காதுல விழுந்த உடனே விரல் தானா நிக்க ஆரம்பிச்சுச்சு. சைக்கிள் எனக்கு நல்லா வரும், பிளஸ் ஒன்ல கவர்மெண்டு குடுத்த சைக்கிள்லதான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் போனேன், அதனால பேலன்ஸ் பிரச்சனையே இல்ல. சைக்கிள் தெரிஞ்சவங்களுக்கு பைக்கு பாதி தெரிஞ்ச மாதிரிதான், மிச்ச பாதி இந்த கிளட்ச்.

நாலாவது நாள் கீழ போட்டேன். வளைஞ்சு திரும்பி நிக்குறப்ப, ஹாண்டில் திரும்பி இருக்குறப்பவே முன் பிரேக்க இறுக்கிப் புடிச்சிட்டேன், எடது பக்கம் அப்படியே போயிடுச்சு. மெதுவா போறப்ப, திரும்புறப்ப பின் பிரேக்குதான், முன்னாடி விரல வைக்கவே கூடாது, அன்னிக்குக் கத்துக்கிட்டது மறக்கவே மறக்காது. சித்தப்பா ஓடி வந்து தூக்கல, தூரமா நின்னே சொல்லிக் குடுத்தாரு. சாவிய ஆஃப் பண்ணு, கியருல போடு, வண்டிக்கு முதுக காட்டி குந்தி உக்காரு, ஒரு கைல ஹாண்டில், ஒரு கைல பின்னாடி கம்பி, முதுக நேரா வெச்சு கால உந்தி பின்னாடியே அடி எடுத்து வை. ஏந்திரிச்சிடுச்சு! 112 கிலோ வண்டிய நான் தனியா தூக்கி நிறுத்துனேன், அந்த சந்தோஷத்துல முழங்கால்ல சிராய்ச்சதே தெரியல.

பிரேக் விஷயத்துல மட்டும் எனக்கும் சித்தப்பாவுக்கும் ஒத்துப் போகல. நேரா போறப்பவும் முன் பிரேக்கத் தொடாத, தூக்கிப் போட்டுரும்னு ஊர்ல எல்லாரும் சொல்ற மாதிரியே அவரும் சொன்னாரு. நான் படிச்ச வரைக்கும் பிரேக் புடிக்கிறப்ப எடை பெரும்பாலும் முன் சக்கரத்துக்குப் போகுது, அதனால நிறுத்துற வேலைய அதுதான் அதிகம் செய்யும். சரி சோதிச்சிடுவோம்னு ரோட்டுல செங்கல் துண்டால கோடு போட்டு, 30 வேகத்துல வந்து கோட்டுக்கிட்ட பின் பிரேக் மட்டும் புடிச்சேன், நின்ன எடம் நடந்து அளந்தா 14 காலடி. அடுத்து ரெண்டையும் சேத்து, முன் பிரேக்க வெடுக்குனு இல்லாம பிழியிற மாதிரி புடிச்சேன், 8 காலடி. சித்தப்பா அவரே ஏறி ஒரு தடவ பண்ணிப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, மறுநாள்லேருந்து "ரெண்டையும் புடி பாப்பா"ன்னு மாத்திக்கிட்டாரு. 35 வருஷமா வண்டி ஓட்டுறவரு, அவர் மேல எனக்கு மரியாத இன்னும் கூடிடுச்சு. மணல்லயும் சேத்துலயும் மட்டும் அவரு சொன்னதுதான் சரி, அங்க முன் பிரேக்க தடவுற அளவுக்கு மேல புடிக்கக் கூடாது.

கண்ண எங்க வைக்கிறோமோ வண்டி அங்கதான் போகுது, இதையும் அவர்தான் புடிச்சு சொன்னாரு. குழியப் பாத்து பயந்து அதையே பாத்துட்டு வந்தா கரெக்டா அதுக்குள்ளயே போய் விழுவேன். லைசென்ஸ் டெஸ்டுல எட்டு போடுறப்ப இதத்தான் மறந்தேன், முன் சக்கரத்தயே பாத்துட்டு போனேன், ரெண்டாவது வளையத்துல காலு ஊனிடுச்சு, ஃபெயில். ஏழு நாள் கழிச்சு திரும்பப் போனேன். அந்த ஏழு நாளும் மனையில சுண்ணாம்புக் கோடு போட்டு, ஃபர்ஸ்ட் கியர், பாதி கிளட்ச், லேசா பின் பிரேக், தலைய அடுத்த வளையத்துப் பக்கம் திருப்பிப் பாக்குறதுன்னு இதே வேலதான். பாஸ்.

வண்டி வாங்குனது ரைடர். ஸ்பிளெண்டர் எனக்குக் கைவந்த வண்டி, எடையும் கொறைவு, ஆனா வாய்க்கால் கரையோட நடு மேட்டுக்கு தரைக்கும் வண்டியோட அடிப்பாகத்துக்கும் நடுவுல இடைவெளி வேணும், ஸ்பிளெண்டர் 165 மில்லிமீட்டர், ரைடர் 180. செப்டம்பர் 22-லேருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லேருந்து 18 சதவீதமா கொறையுதுன்னு சொன்னதால அது வரைக்கும் பொறுத்து, ஆயுத பூஜைக்கு எடுத்தோம். கொட்டேஷன் பேப்பர வரி வரியா படிங்க, இத மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன். எக்ஸ் ஷோரூம் வெல, லைஃப் டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், இதெல்லாம் கட்டித்தான் ஆகணும், இன்சூரன்ஸ்ல தேர்ட் பார்ட்டி அஞ்சு வருஷத்துக்கு சேத்தே போடணும்கிறதால தொகை பெருசா தெரியும். அதுக்குக் கீழ ஹேண்ட்லிங் சார்ஜ், கோட்டிங், சீட் கவர்னு நான் கேக்காத மூணு வரி இருந்துச்சு. இது எதுக்குன்னு ஒவ்வொண்ணா கேட்டேன், ரெண்ட எடுத்தாங்க. சேலை கார்டு வேணாம் கழட்டிடலாம்னு தம்பி சொன்னான், நான் விடல, துப்பட்டாவோ சேலையோ சக்கரத்துல மாட்டுனா என்ன ஆகும்னு எங்க ஊர்ல பாத்திருக்கேன். நானும் வண்டில ஏறுனா துப்பட்டா போடுறதில்ல, மேல ஒரு முழுக்கை சட்டை. ஹெல்மெட்டுக்கு டேப்பு வெச்சு நெத்தியச் சுத்தி அளந்தேன், 55 சென்டிமீட்டர், ஐஎஸ்ஐ முத்திர பாத்து வாங்குனேன், கொண்டை போட்டா உள்ள சரியா உக்காராது, தாழ்வா பின்னிக்கிறேன்.

இனி நிம்மதின்னு நெனச்சேன், இல்ல. ஸ்பிளெண்டர்ல நாலு கியரும் முன்னாடி மிதிச்சா ஏறும், குதிகாலால பின்னாடி மிதிச்சா எறங்கும். ரைடர்ல ஒண்ணு கீழ, மிச்ச நாலும் விரலால மேல தூக்கணும். மூளைக்குத் தெரியுது, காலுக்குத் தெரியல. சிறுதையூர் பக்கம் ஒரு லாரிய தாண்டுறப்ப கியர் ஏத்துறதா நெனச்சு மூணாவதுலேருந்து மிதிச்சுட்டேன், ரெண்டாவதுக்கு எறங்கி வண்டி உறுமிட்டு வெடுக்குனு பின்னாடி இழுத்துச்சு, பின் சக்கரம் லேசா தடுமாறுச்சு. ஓரமா நிறுத்திட்டு கை நடுக்கம் அடங்குற வரைக்கும் நின்னேன். மறுபடியும் அதே மனை, ஒரு வாரம், மேல, மேல, கீழ, கீழன்னு வாய்விட்டு சொல்லிக்கிட்டே ஓட்டுனேன். எந்த வண்டி வாங்கப் போறோமோ அதே கியர் மொறை இருக்குற வண்டில கத்துக்கிட்டிருந்தா இந்த ஒரு வாரம் மிச்சம்.

நவம்பர்ல மழை விட்டு விட்டு பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பெருவளை வாய்க்கால் கரையில போறேன், பின்னாடி பெட்டில 12 மாதிரி, எதிர்ல டிராக்டர் டிரெய்லரோட வருது. ஒரு பக்கம் வாய்க்கால் தண்ணி, ஒரு பக்கம் நட்ட வயலு, திருப்ப எடமே இல்ல. டிராக்டர்காரரு "எறங்கு தங்கச்சி, நான் வந்து தள்றேன்"னாரு. வேணாம்ணேன்னு சொல்லிட்டு எறங்கி, நியூட்ரல்ல போட்டு, இடுப்ப சீட்டுல சாச்சு, பின்னாடி மதகு வரைக்கும் ஒரு அம்பது அடி தள்ளிட்டுப் போய் ஒதுங்குனேன். கால் ரெண்டும் களில பொதஞ்சு பொதஞ்சு எழும்புச்சு, வண்டி என் பக்கமே சாஞ்சு வந்துச்சு. அவரு தாண்டிப் போறப்ப கையத் தூக்கிக் காட்டிட்டுப் போனாரு. மதகுல காலக் கழுவிட்டு, திரும்ப ஸ்டார்ட் பண்ணி அடுத்த வயலுக்குப் போனேன்.