சூரியகாந்தித் தேர்வு: ஆயர் ஈத்தாமில் இரண்டாம் பருவம்

பூவின் அகலத்தைப் பார்த்து விதை எடுத்தது என் முதல் தவறு. பினாங்கின் ஆயர் ஈத்தாமில், மழை குறைவான ஜனவரியில் வீட்டுப் பக்கவாட்டில் விதைத்த இருபது செடிகளில், மிகப் பெரிய பூக்களை மட்டுமே குறித்து வைத்திருந்தேன். அறுத்து உலர்த்தி முறத்தில் புடைத்தபோதுதான், அவற்றின் நடுப்பகுதி பெரும்பாலும் பதராக இருந்ததும், அவற்றில் பல அதிக வெயில் கிடைக்கும் ஓரச் செடிகளின் பூக்கள் என்பதும் புலப்பட்டன. ஓரத்துச் செடியின் செழிப்பு இடத்தால் வந்தது. அதை விதை சுமந்து வராது. எனவே ஒவ்வொரு பூவிலும் நிறைந்த மணிகளை மட்டும் நிறுத்து, உள்வரிசைச் செடிகளிலிருந்து ஆறு பூக்களைத் தேர்ந்தேன்.

சோவியத் ஆய்வாளர் புஸ்தவோய்த், கிராஸ்னதாரில் எண்ணெய்ச் சத்தைப் பெருக்கக் கையாண்ட முறையையே சிறிய அளவில் பின்பற்றினேன்: ஒரு பூவின் விதையில் ஒரு பகுதியைத் தனி வரிசையாக விதைத்துச் சோதித்து, எஞ்சியதைக் கையிருப்பாக வைப்பது. ஒரு பூவுக்கு நான்கு செடிகள் என இம்முறை இருபத்து நான்கு.

பூ விரியுமுன் மல்துணிப் பை கட்டிவிட்டேன். இல்லையேல் தாய் எதுவென்று தெரியும், தந்தையைத் தேனீதான் அறியும். வட்டின் சிறுபூக்கள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நாள்தோறும் சில வரிசைகளாக மலர்கின்றன. ஒவ்வொன்றிலும் முதலில் மகரந்தம் வெளிப்பட்டு, மறுநாள் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி இரண்டாகப் பிரிகிறது. ஆகவே ஒரே நாளில் வேலை முடிவதில்லை. ஒரு வாரத்துக்கும் மேலாகக் காலைதோறும், வேறு வரிசைச் செடிகளின் மகரந்தத்தை மென்தூரிகையால் தடவினேன். அதே செடியின் மகரந்தம் பல வகைகளில் சரியாக மணி பிடிக்காது.

தேர்ந்த ஆறில் அகலமான பூவின் வழிவந்த ஐந்தாம் வரிசை நெடிதுயர்ந்து, மாலைப் புயல்மழையில் இரண்டு செடிகள் சாய்ந்தன. மூன்றாம் வரிசையோ குட்டையாக, தண்டு தடித்து, நான்கு பூக்களிலும் நடுவரை மணி பிடித்திருந்தது. நான்கு செடிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அவசரம்தான். ஆயினும் வரும் ஜனவரியில், குளிர்சாதனப் பெட்டியில் அம்மாவின் ஊறுகாய்க்கு அருகில் இருக்கும் மூன்றாம் எண் கையிருப்பு விதையை, இரண்டாம் வரிசையின் கையிருப்புடன் அடுத்தடுத்த வரிசைகளில் விதைக்கப் போகிறேன். அப்போது ஓரச் செடிகள் எடைக் கணக்கில் சேரா.