பதினோராம் நாளில் வந்த காய்ச்சல்

என் நாயின் வயிற்றில் சீழ்க்கொப்புளங்கள் தோன்றியபோது, கால்நடை மருத்துவர் சல்ஃபாவும் டிரைமெத்தோபிரிமும் சேர்ந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எழுதிக்கொடுத்தார். ஒரு வாரத்தில் கொப்புளங்கள் வற்றின. பதினோராம் நாள் காலையில் அவள் எழுந்து நிற்க மறுத்தாள். உடல் கொதித்தது, மூட்டுகள் வீங்கியிருந்தன, தோலில் புதிய தடிப்புகள் சிவந்திருந்தன. பழைய தொற்றுதான் திரும்பிவிட்டது என்று எண்ணி, அன்றைய மாத்திரையையும் நானே கொடுத்தேன். பத்து நாள் ஒத்துக்கொண்ட மருந்தின்மேல் சந்தேகம் வரவில்லை.

அது தொற்றன்று, சல்ஃபாவுக்கு வந்த ஒவ்வாமை என்பதையும், அந்தத் தாமதம்தான் அதன் அடையாளம் என்பதையும் பிறகே தெரிந்துகொண்டேன். பெனிசிலின் மூலக்கூறு தன் இயல்பான வடிவிலேயே உடலின் புரதங்களோடு பிணைந்துகொள்ளும். சல்ஃபா வகை மருந்துகளில் ஒன்றான சல்ஃபாமெத்தாக்சசோலால் அது முடியாது. உடலின் நொதிகள் முதலில் அதை ஹைட்ராக்சிலமீன் என்ற இடைநிலைப் பொருளாக மாற்ற வேண்டும். அது மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து நைட்ரோசோ என்ற, எளிதில் வினைபுரியும் வடிவத்தைப் பெற வேண்டும். அந்த நைட்ரோசோவே புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. மருந்து ஒட்டிய புரதத்தை அந்நியமெனக் கருதும் நோயெதிர்ப்பு மண்டலம் அதற்கெதிரான செல்களைப் பெருக்க எடுத்துக்கொள்ளும் அவகாசமே, 5 நாளுக்கு மேல், பெரும்பாலும் இரண்டாவது வாரம் வரை நீளும் அந்த அமைதி.

இந்த மாற்றம் கல்லீரலில் மட்டும் நடப்பதில்லை என்பது என்னை மிகவும் வியக்கவைத்தது. தோலின் மேலடுக்கை ஆக்கும் கெரட்டினோசைட் செல்களுக்கும் அந்தத் திறன் உண்டு. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனிதக் கெரட்டினோசைட்டுகள் சல்ஃபாவை உருமாற்றித் தம் புரதங்களிலேயே ஒட்டவைத்துக்கொண்டதைக் கண்டிருக்கிறார்கள். ஆக, தோல் வெறுமனே தாக்கப்படும் இடமன்று. தாக்குதலுக்கான இலக்கைத் தானே தயாரித்துக்கொள்ளும் இடமும்கூட. நைட்ரோசோவின் அளவு மிகுந்தால், நோயெதிர்ப்பின் துணையில்லாமலே அது செல்லைக் கொல்லவும் வல்லது. செல்களிலுள்ள பாதுகாப்புப் பொருளான குளூட்டாதையோனும் வைட்டமின் சியும் அதை ஓரளவு திரும்பப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன.

நாய்க்கு இங்கே பிறவியிலேயே ஒரு குறை இருக்கிறது. மனிதரில் சல்ஃபாவின் பெரும்பகுதியை அசெட்டிலேற்றம் செய்து, அதாவது அசெட்டில் என்ற சிறு தொகுதியை ஒட்டி, அபாயமற்றதாக்கும் நொதிக்கான மரபணுக்கள் நாய்க் குடும்பத்திலேயே இல்லை. அந்த வழி அடைபட்டிருப்பதால், ஆக்சிஜனேற்ற வழிக்குக் கூடுதல் வாய்ப்பு அமைகிறது. ஆனாலும் எல்லா நாய்களுக்கும் ஒவ்வாமை வருவதில்லை. டோபர்மேன் இனத்தில் மூட்டழற்சியாக இது அதிகம் பதிவாகியிருக்கிறது. சல்ஃபாவால் கண்ணீர் வற்றுவது வேறு கதை. அது கண்ணீர்ச் சுரப்பியின்மேல் மருந்து நேரடியாக விளைவிக்கும் நஞ்சாகக் கருதப்படுகிறது.

மருந்தை நிறுத்திய சில நாள்களில் அவள் நடக்கத் தொடங்கினாள். உறுதிப்படுத்திக்கொள்ள அதே மருந்தை மீண்டும் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மருத்துவர் அதைத் திட்டவட்டமாக மறுத்துவிட்டார், அடுத்த முறை எதிர்வினை விரைவாகவும் கடுமையாகவும் வரக்கூடும் என்பதால். அவளுடைய குறிப்பேட்டில் “சல்ஃபா ஆன்டிபயாட்டிக் கூடாது” என்று எழுதியிருக்கிறார். ‘ஆன்டிபயாட்டிக்’ என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே சேர்த்தார்: நீர்கோப்புக்குத் தரும் ஃபுரோசமைடிலும் சல்ஃபா அமைப்பு உண்டு, ஆனால் சல்ஃபா ஆன்டிபயாட்டிக்கில் நைட்ரோசோவாக மாறுகிற, நைட்ரஜன் கொண்ட அமீன் முனை அதில் இல்லை.