ஒரு சாய்கோடு

நேற்று ராத்திரி சிங்கப்பூர் ஈசூன் வீட்டில், கோப்பி ஆறிக்கொண்டிருக்க, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கமாண்டை ஓட்டினேன். 'படங்கள்' ஃபோல்டரை பேக்கப் டிஸ்குக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பெயருக்குப் பின்னால் கைதவறி ஒரு சாய்கோடு (/) விழுந்துவிட்டது. கூடவே, அனுப்பும் பக்கம் இல்லாததைப் பெறும் பக்கத்தில் அழிக்கும் டெலீட் ஆப்ஷன் வேறு. சாய்கோடு இல்லையென்றால் ஃபோல்டரே போய் உட்காரும். இருந்தால் உள்ளே இருப்பதை மட்டும் நேராகக் கொட்டும். பேக்கப் டிஸ்கில் ஏற்கெனவே இருந்த மற்ற ஃபோல்டர்களை டெலீட் துடைத்துவிடும். நல்லவேளை, 'மைனஸ் என்' (-n) போட்டிருந்தேன், அது ஒத்திகை மட்டும்தான், எதையும் நிஜமாக அழிக்காது. நடப்பதை வரிவரியாகக் காட்டும் 'வி'யும் (-v) சேர்த்திருந்ததால் திரையில் 'டெலீட்டிங்' வரிகள் சரசரவென்று ஓடின. வயிறு கலங்கிவிட்டது.

அப்புறம், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் (cron). சர்வரின் கடிகாரம் யுடிசியில் (UTC, உலகப் பொது நேரம்) இருந்தால் இரவு 2 மணி பேக்கப் நமக்குக் காலை 10 மணிக்குத்தான் ஓடும். ஆபீஸில் எல்லாரும் 'நெட் ஸ்லோ' என்று கத்திய அன்றுதான் எனக்கே உறைத்தது.