"கடைசியில் அவள் யாருக்கு?" என்பதற்குப் பதில் எழுதாதீர்கள்

முதுகலை இரண்டாம் செமஸ்டரில் எங்களுக்குத் திரைப்பட ஆய்வு ஒரு விருப்பப் பாடம். இன்டர்னல் தேர்வில் பதினைந்து மார்க்குக்கு ஒரு கேள்வி வந்தது: பழைய ஹாலிவுட் நகைச்சுவைச் சாகசப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் முக்கோணக் காதலின் முடிவு இரண்டு விதமாகப் புரிந்துகொள்ள இடம் தருவதை ஆராய்க. 'ரோட் டு யுடோபியா' எனக்குப் பிடித்த படம். மளமளவென்று நான்கு பக்கம் எழுதினேன். பதினைந்துக்கு ஐந்து வந்தது. ஓரத்தில் மேடம் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "இது உன் ஊகம். படம் என்ன செய்கிறது?"

அந்த வரி புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. செமஸ்டர் தேர்வில் கிட்டத்தட்ட அதே கேள்வி திரும்ப வந்தபோது பன்னிரண்டு கிடைத்தது. நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன். இந்தப் பாடத்தை எடுத்திருக்கும் யாருக்காவது அந்த ஒரு மாதம் மிச்சமாகட்டும்.

படம் பார்க்காதவர்களுக்கு முதலில் கதை. பாப் ஹோப், பிங் கிராஸ்பி, டோரதி லாமூர் மூவரும் சேர்ந்து நடித்த 'ரோட்' வரிசையில் இது நான்காவது; 1946-இல் வந்தது. அலாஸ்காவில் தங்கம் தேடி ஆட்கள் அலைந்த காலம். செஸ்டரும் (ஹோப்) டியூக்கும் (கிராஸ்பி) மேடையில் வித்தை காட்டி, ஏமாற்றிப் பிழைக்கிறவர்கள். தங்கச் சுரங்கத்துக்கு வழி காட்டும் வரைபடம் ஒன்று அவர்கள் கையில் சிக்குகிறது. சுரங்கம் சாலுடைய (லாமூர்) அப்பாவுக்குச் சொந்தமானது. இரண்டு பேருமே அவளை விரும்புகிறார்கள். கடைசித் துரத்தலில் பனி இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பக்கம் செஸ்டரும் சாலும், மறுபக்கம் டியூக்கும் துரத்தி வரும் கும்பலும். பல வருடம் கழித்து, வயதாகிவிட்ட செஸ்டர், சால் தம்பதியின் வீட்டுக்கு டியூக் வருகிறான். பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்புகிறது, மகனைக் கூப்பிடுகிறார்கள். வந்து நிற்கும் மகன் அச்சு அசல் டியூக், நடித்திருப்பதும் கிராஸ்பிதான். ஹோப் கேமராவைப் பார்த்து "தத்தெடுத்தோம்" என்கிறார். அவ்வளவுதான், படம் முடிந்துவிடுகிறது.

முதல் தேர்வில் நான் செய்தது இதுதான். சாலின் மனதில் உண்மையில் டியூக்தான் இருந்தான் என்று ஒரு பக்கம். பனி பிளந்த பிறகு அவர்கள் எப்போது சந்தித்திருக்க முடியும் என்று இன்னொரு பக்கம். முடிவாக, மகன் டியூக்குடையவன் என்று ஒரு தீர்ப்பு. படத்தில் இல்லாத வருடங்களை நானே எழுதி நிரப்பியிருக்கிறேன். கேள்வி கேட்டது முடிவு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை. நான் கொடுத்ததோ குடும்ப வழக்கில் ஒரு தீர்ப்பு.

விஷயத்தை எனக்குக் காட்டியது ஹாஸ்டல் அறைத் தோழி. நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்த கடைசிக் காட்சியை அவளும் எட்டிப் பார்த்தாள். மகன் வந்து நின்றதும், ஹோப் வாயைத் திறக்கும் முன்பே சிரித்துவிட்டாள். "ஏன்டி, இன்னும் அவர் சொல்லவே இல்லையே" என்றேன். "சொல்லணுமா? அந்த மூஞ்சிதான் சொல்லுதே. வழக்கமா கிராஸ்பிக்குத்தானே பொண்ணு கிடைக்கும்?" என்றாள். அவள் இந்த வரிசையில் முந்தைய படங்களைப் பார்த்தவள். 1940-இல் வந்த 'ரோட் டு சிங்கப்பூர்', அடுத்த வருடம் வந்த 'ரோட் டு சான்சிபார்', 1942-இல் வந்த 'ரோட் டு மொராக்கோ' மூன்றிலும் லாமூர் கிராஸ்பியோடுதான் சேருகிறார். நான்காவது படத்துக்கு வந்தவர்களுக்கு அது பழகிப்போன கணக்கு. ஹோப்புக்குக் கல்யாணம் ஆகிறது என்பதே அவர்களுக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியம் அடங்குவதற்குள் கிராஸ்பியின் முகம் வந்து நிற்கிறது.

எனக்கு அங்கேதான் பிடி கிடைத்தது. கதைக்குள் செஸ்டர் கணவன், சால் மனைவி, மகன் தத்துப்பிள்ளை. வசனம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நடிகர் தேர்வு வேறொன்றை, அதே அளவு தெளிவாகச் சொல்கிறது. இரண்டில் எதுவும் மங்கலாக இல்லை. நம் சிலேடைப் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பொருளும் முழுசாக நிற்கும். ஒரு பொருள் நொண்டினால் அது சிலேடையே இல்லை. "முடிவு தெளிவில்லாமல் இருக்கிறது" என்று எழுதிவிட்டு நகர்ந்தால் மார்க் வராததற்குக் காரணம் இதுதான். எந்த இரண்டு பொருள், ஒவ்வொன்றையும் படத்தின் எந்தக் கூறு தாங்குகிறது என்று எழுத வேண்டும். வசனமா, முகமா, காட்சி வெட்டா, பாட்டா, நடிகரின் முந்தைய படங்களா?

அதற்கு நான் கண்டுபிடித்த வழி எளிது. கடைசி ஐந்து நிமிடத்தை ஒருமுறை சத்தம் இல்லாமல் பாருங்கள். அப்புறம் திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். இரண்டு முறையும் கதை என்னவாக முடிகிறது என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். 'யுடோபியா'வில் சத்தம் இல்லாமல் பார்த்தால் மகன் டியூக்குடையவன். கேட்க மட்டும் செய்தால் தத்துப்பிள்ளை. இந்த இரண்டு வரிதான் என் செமஸ்டர் விடையின் முதல் பத்தி. எல்லாப் படத்துக்கும் இவ்வளவு சுத்தமாகப் பிரியாது, ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அடுத்து, ஏன் இப்படி முடித்தார்கள் என்ற கேள்வி. தணிக்கை விதியை இங்கே கொண்டுவராமல் விடை நிற்காது. அமெரிக்கத் திரைத்துறை 1930-இல் தனக்குத் தானே ஒரு நெறிமுறை எழுதிக்கொண்டது. ஹேஸ் விதி என்று சொல்வார்கள். 1934 நடுவில், அதை அமல்படுத்தும் அலுவலகத்துக்கு ஜோசப் பிரீன் பொறுப்பேற்ற பிறகுதான் அது கறாராக அமலானது. திருமணத்தின் புனிதத்தைக் காப்பாற்ற வேண்டும், மணத்துக்கு வெளியே உள்ள உறவை வெளிப்படையாகக் காட்டவோ நியாயப்படுத்தவோ கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. இப்போது "தத்தெடுத்தோம்" என்பதைத் திரும்பப் படியுங்கள். எழுத்தில் பார்த்தால் குற்றமே இல்லாத ஒரு சொல். திருமணம் காப்பாற்றப்பட்டுவிட்டது. மீதியைப் பார்ப்பவர் தன் தலைக்குள் செய்துகொள்கிறார். இந்தப் படத்தின் திரைக்கதைக்காக நார்மன் பனாமாவும் மெல்வின் ஃபிராங்கும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை. "தணிக்கைக்குப் பயந்து மறைத்தார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். விதி இல்லாத இடத்திலும் இப்படிப்பட்ட முடிவுகள் உண்டு. விதி கறாராவதற்கு முன், 1933-இல் லூபிட்ஷ் எடுத்த 'டிசைன் ஃபார் லிவிங்' அதற்கு நல்ல ஒப்பீடு. சாகசப் படம் இல்லை, சுத்தமான காதல் நகைச்சுவை. கேரி கூப்பர், ஃபிரெட்ரிக் மார்ச் இருவரையும் மிரியம் ஹாப்கின்ஸ் நேசிக்கிறார். கடைசியில் மூவரும் ஒரே டாக்ஸியில் கிளம்புகிறார்கள். இருவருக்கும் முத்தம் கொடுக்கிறார். தொடாமல் பழகுவது என்ற பழைய ஒப்பந்தத்தையும் புதுப்பித்துக்கொள்கிறார்கள். அதே ஒப்பந்தம் முன்பு உடைந்ததை நாம் பார்த்துவிட்டோம். இங்கே எதையும் மறைக்கவில்லை. அடுத்து என்ன ஆகும் என்பதுதான் திறந்து கிடக்கிறது. 'யுடோபியா'வில் நடந்து முடிந்தது தெரியாது, இதில் நடக்கப்போவது தெரியாது. இந்த வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதியதற்கு மேடம் பக்கத்தில் டிக் போட்டிருந்தார்.

இன்னொரு முனைக்கு 1969-இல் வந்த 'புட்ச் காசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்' சரியாகப் பொருந்தும். முந்தைய வருடமே பழைய விதி போய் வயதுவாரிச் சான்றிதழ் முறை வந்துவிட்டது. புட்ச்சும் சன்டான்ஸும் பொலிவியாவுக்குத் தப்பிப் போகும் கொள்ளைக்காரர்கள். எட்டா (காதரின் ராஸ்) சன்டான்ஸின் (ராபர்ட் ரெட்ஃபோர்ட்) காதலி. ஆனால் படத்தின் மிக அழகான காதல் காட்சி, அந்தச் சைக்கிள் சவாரி, அவளுக்கும் புட்ச்சுக்கும் (பால் நியூமன்) இடையே. சவாரி முடிந்ததும், முதலில் உன்னைச் சந்தித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்கிற மாதிரி அவள் கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு நேரான பதிலைப் படம் கடைசிவரை தரவில்லை. இருவரும் சாவதைப் பார்க்க மாட்டேன் என்றவள் பொலிவியாவிலிருந்து முன்னாலேயே ஊர் திரும்புகிறாள். கடைசியில் இருவரும் துப்பாக்கியோடு வெளியே ஓடிவரும்போது படம் உறைந்து நிற்கிறது. முக்கோணத்தின் ஒரு முனை போய்விட்டதால் யாரைத் தேர்ந்தெடுத்தாள் என்ற கேள்வி பதில் வராமலே நின்றுவிடுகிறது. நிஜ எட்டா பிளேஸ் பிறகு என்ன ஆனார் என்பதற்கும் உறுதியான பதிவு இல்லை. அதை விடையில் ஒரு வரியில் சொல்லலாம், ஆனால் அதை வைத்துப் படத்துக்கு விளக்கம் தராதீர்கள்.

'ரோட்' வரிசையிலேயே ஒப்பிட வேண்டுமென்றால் 'ரோட் டு ரியோ' (1947) போதும். அதிலும் ஹோப்புக்குத்தான் லாமூர். எப்படி என்று புரியாமல் கிராஸ்பி சாவித் துவாரம் வழியாகப் பார்த்தால், ஹோப் லாமூரை வசியம் செய்துகொண்டிருக்கிறார். வேடிக்கை ஒரே ரகம், ஆனால் இங்கே இரண்டாவது பொருளுக்கு இடமில்லை, படமே விளக்கிவிடுகிறது. இருபொருள் எங்கே இல்லை என்று காட்டுவதும் விடைக்கு வலு சேர்க்கும்.

தேர்வு அறை பற்றிக் கொஞ்சம். கதைச் சுருக்கத்துக்கு ஆறு வரிக்கு மேல் வேண்டாம். என் முதல் விடையில் அது ஒன்றேகால் பக்கம் போயிருந்தது. ஒரு படத்தை ஆழமாக எழுதி, ஒப்பீட்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும். வருடங்களைக் கட்டாயம் மனப்பாடம் செய்யுங்கள். 1934, 1968 என்ற இரண்டு எல்லைக்கோடுகள் நினைவில் இருந்தால், எந்தப் படம் எந்தப் பக்கம் விழுகிறது என்பது தானாகவே வாதத்தை நகர்த்தும். "ஒருவேளை", "அநேகமாக" என்ற சொற்கள் வந்த இடத்தையெல்லாம் பயிற்சியின்போது அடிக்கோடிட்டேன். பெரும்பாலும் அங்கேதான் நான் படத்தை விட்டு ஊகத்துக்குப் போயிருந்தேன்.

வைவாவில் மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சரிம்மா, ஹோப் நமக்குப் பதில் சொல்லிட்டார். சால்கிட்ட யார் கேட்டாங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, யாரும் கேட்கவில்லை மேடம் என்றேன். மகனைப் பற்றி விளக்கம் சொல்லும் உரிமை கணவனிடம் இருக்கிறது; கேமராவைப் பார்ப்பதும் அவன்தான். 'டிசைன் ஃபார் லிவிங்' டாக்ஸியில் ஒப்பந்தத்தில் அந்தப் பெண்ணும் ஒரு தரப்பு. எட்டா தானே கிளம்புகிறாள். சால் பற்றி மட்டும் ஆண்கள் இருவரின் முகத்தை வைத்து நாம் முடிவு செய்கிறோம். நானும் முதல் தேர்வில் ஒரு பக்கம் முழுக்க அவள் மனதைப் பற்றி எழுதினேன், அவள் முகத்தை ஒருமுறைகூட நிறுத்திப் பார்க்காமல்.

மேடம் சிரித்துவிட்டு, "அப்போ புராஜெக்ட்டுக்கு அதையே எடு" என்றார். இந்த வாரம் ஏழு 'ரோட்' படங்களிலும் லாமூர் வரும் கடைசிக் காட்சிகளைத் தனித்தனியாக வெட்டி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.