அறைக்குள் ஓர் எலெக்ட்ரிக் கிட்டார்: பதிவு நாட்குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

எலெக்ட்ரிக் கிட்டார் கைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாசிப்பதை இதுவரை போனில்தான் பதிவு செய்து கேட்டிருக்கிறேன். மின்விசிறிச் சத்தம், சுவரின் எதிரொலி, நடுவில் எங்கோ கிட்டார். இன்று ஆடியோ இன்டர்ஃபேஸ் வந்துவிட்டது. கிட்டாருக்கும் கணினிக்கும் நடுவே உட்காரும் சின்னப் பெட்டி. ஒரு பக்கம் கிட்டார் கேபிள், மறுபக்கம் யுஎஸ்பி. இனி கற்றுக்கொள்வதைத் தேதி போட்டு இங்கே எழுதப் போகிறேன். என்னைப் போல இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கு உதவட்டும்.

முதல் அரைமணி நேரம் ஒலி மந்தமாகவே வந்தது, கம்பளி போர்த்திக்கொண்டு வாசிப்பது போல. டோன் குமிழை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். காரணம் பெட்டியின் முகப்பில் இருந்த ஒரு பொத்தான். 'இன்ஸ்ட்' என்று போட்டிருக்கும், சில பெட்டிகளில் 'ஹை இஸட்'. கிட்டார் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான முறை சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிதான். அதிலிருந்து வரும் மின் அலையை வாங்கும் இடத்தில் மின்மறுப்பு (மின்சாரத்தைத் தடுக்கும் அளவு) சுமார் 1 மெகா ஓம் இருந்தால்தான் மேல் ஒலிகள் தப்பிக்கும். லைன் உள்ளீட்டில் அது பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவுதான். பொத்தானை அழுத்தியதும் பிக் (கம்பியை மீட்டும் சில்லு) கம்பியில் படும் ஓசை வரைக்கும் கேட்டது.

ஜூன் 4, புதன்

ஒலி அளவு வைப்பது பற்றி மட்டும். பழக்கத்தில் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றி வைத்திருந்தேன். நன்றாக அமைந்த ஒரு டேக் (ஒரு முறை வாசித்த பதிவு), கடைசி வரியில் ஓங்கி அடித்தபோது சிவப்பு விளக்கு எரிந்து பாழானது. டிஜிட்டலில் 0 டெசிபெல்லைத் தாண்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும், திரும்பக் கிடைக்காது. 24 பிட்டில் சின்ன ஒலியும் நுணுக்கமாகப் பதிவாகும்; அப்படிப் பதிவு செய்யும்போது ஒலியைக் கூரை வரை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. இப்போது, நான் அடிக்கக்கூடிய மிகப் பலமான அடி மைனஸ் 10 டெசிபெல் பக்கத்தில் நிற்கும்படி வைத்திருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

தாளம் சேரவில்லை. மெட்ரோனோம் நிமிடத்துக்கு 90 தாளத் தட்டில் ஓடுகிறது, வாசிப்பது எட்டு பார்தான் (ஒரு பார் என்றால் நான்கு தட்டு), ஆனாலும் ஒவ்வொரு சுரமும் ஏதோ ரப்பரில் கட்டி இழுத்தது போலத் தள்ளி வருகிறது. கையைச் சந்தேகப்பட்டேன். பார்த்தால் பஃபர், அதாவது கணினி ஒலியைச் சேர்த்து வைத்து ஒரே தொகுப்பாகக் கையாளும் அளவு, 1024 என்று இருந்தது. 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் மாதிரிகள்) 1024 சாம்பிள் என்றால் 21 மில்லி விநாடி. உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை என்று 40-ஐத் தாண்டிவிடும். 128-க்கு இறக்கினேன். மற்ற தாமதங்களையும் சேர்த்து 10 மில்லி விநாடிக்குள் வந்தது. ஒலி காற்றில் போகும் வேகத்தில் கணக்குப் போட்டால், ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும்) பெட்டியிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. 64-க்கும் போய்ப் பார்த்தேன், என் கணினி திணறி ஒலியில் படபடவென்று வெடிப்பு விழுந்தது. எனவே வாசிக்கும்போது 128, அப்புறம் உட்கார்ந்து கலவை செய்யும்போது பழையபடி 1024.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இன்டர்ஃபேஸுக்கென்று வரும் ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருளை) போட மறக்க வேண்டாம். அது இல்லாமல் இந்த எண்களை எட்டுவது கடினம்.

ஜூன் 8, ஞாயிறு

ஆம்ப் சிமுலேட்டர் (ஆம்ப்பைப் போல ஒலிக்கச் செய்யும் மென்பொருள்) போட்டு டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவை) ஏற்றினேன். தங்கை கதவருகே நின்று கேட்டுவிட்டு, "அண்ணா, வண்டு ஏதாவது உள்ள புகுந்துடுச்சா?" என்றாள். அவள் சொன்னது சரி. ஆம்ப் தலை (ஒலியைப் பெருக்கும் பகுதி) மட்டும் இருந்தது, கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) இல்லை. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வேகமாகக் குறைத்துவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கரகரப்பை வடிகட்டி, காதுக்கு இதமாகத் தருவது அந்த ஸ்பீக்கரின் காகிதக் கூம்புதான். மென்பொருளில் அந்த வேலைக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு இருக்கிறது. நிஜமான ஸ்பீக்கர் முன் நிஜமான மைக் வைத்து எடுத்த பதிவு அது. அதைச் சேர்த்த கணத்தில் வண்டு போய்விட்டது.

நல்ல ஆம்ப் வைத்திருப்பவர்கள் மைக்கை ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டரில் வைத்துப் பிடிக்கலாம். கூம்பின் நடுவில் ஒலி கூர்மையாகவும், விளிம்புப் பக்கம் நகர்த்தினால் கனமாகவும் வரும். என் அறையில் அவ்வளவு சத்தம் வைக்க முடியாது.

ஜூன் 9, திங்கள்

ஹம், அதாவது பின்னால் ஓடும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல். என் கிட்டாரில் இருப்பது சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், மின்சாரத்தின் முணுமுணுப்பை அது அப்படியே வாங்கிக்கொள்ளும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இந்த ஹம்மை ரத்து செய்யும் பிக்கப்பை 1955-இல் கிப்சனில் சேத் லவர் வடிவமைத்தார். ஹம்பக்கர் என்ற பெயரே அதனால்தான். என்னிடம் அது இல்லை. ஆனால் நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டே கேட்டால் ஓரிடத்தில் ஹம் பாதியாகிறது. அந்த இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டேன். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கியதும் இன்னும் கொஞ்சம் குறைந்தது. மீதியை நாய்ஸ் கேட் (வாசிக்காத நேரத்தில் ஒலியை அடைப்பது) பார்த்துக்கொள்ளும்.

ஜூன் 12, வியாழன்

மூன்று நாளாக ஆம்ப் மாற்றி, கேபினெட் மாற்றி, கெயினைக் கூட்டி, எதுவும் பிடிக்காமல், இன்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெறும் தடத்தைக் கேட்டேன். ஆம்ப் இல்லாத, கேபிளில் வந்தது வந்தபடி இருக்கும் பதிவு. 'டிஐ' என்பார்கள்.

நான்காவது பாரில் டி கம்பியிலிருந்து ஜி கம்பிக்குத் தாவுகிறேன். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். விரல் டி கம்பியை விட்டு எழும்போது 'டிங்' என்று ஒரு திறந்த சுரம். அதற்குள் கீழே ஏ கம்பி யாரும் தொடாமலே ஒலிக்கத் தொடங்கி, அடுத்த அரை பார் முழுக்க அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிக் ஒரு முறை ஆழமாகவும் அடுத்த முறை மேலோட்டமாகவும் படுகிறது. அலை வரைபடத்திலேயே ஒன்று மலை, ஒன்று மேடு. டிஸ்டார்ஷன் சின்ன ஒலியைப் பெரிதாக்கும், பெரியதை அமுக்கும். அப்படியானால் அந்த ஏ கம்பியும் நான் வாசித்த சுரத்தோடு சமமாக எழுந்து நிற்கத்தானே செய்யும்? இத்தனை நாள் 'சேறு போல இருக்கிறது' என்று ஆம்ப் குமிழ்களில் தேடியது இதைத்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இரண்டு மணி நேரம் நான்காவது பாரை மட்டும் வாசித்தேன், 60-இல். வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கம் ஈ, ஏ கம்பிகளின் மேல் படிந்திருக்க வேண்டும். இடது விரலைத் தூக்குவதற்கு முன் அழுத்தத்தை மட்டும் விட்டு, கம்பியோடு ஒரு கணம் ஒட்டியிருந்துவிட்டு நகர வேண்டும். இது பிடிபட்டதும் கெயினைப் பாதியாகக் குறைத்தேன். ஒலி முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

இரட்டைத் தடம். ஒரு டேக்கை நகலெடுத்து இடமும் வலமும் வைத்தால் அகலம் வராது, நடுவிலேயே நிற்கும், சத்தம் மட்டும் கூடும். அதே பகுதியை இரண்டாம் முறை வாசிக்க வேண்டும். இரண்டு டேக்குக்கும் இடையே இருக்கும் துளித்துளி வேறுபாடுதான் காதுக்கு அகலமாகத் தெரிகிறது. கை சுத்தமாக இருந்தால் மட்டுமே இது சேரும். ஜூன் 6-இல் முயன்றிருந்தால் இரண்டு பேர் சண்டை போடுவது போல இருந்திருக்கும்.

கிட்டார் கலைஞர் லெஸ் பால் தன் வீட்டு கராஜில் ஒரு இசைத்தட்டில் வாசித்துப் பதிந்து, அதை ஒலிக்கவிட்டு, கூடவே வாசித்து இன்னொரு இசைத்தட்டில் வெட்டி, இப்படியே எட்டு கிட்டார்களை அடுக்கியிருக்கிறார். 1948-இல் அது வெளிவந்தது. இடையில் பிழை வந்தால் அந்த அடுக்கைத் திரும்ப வெட்ட வேண்டும். நான் பிழை செய்தால் ஒரு விசை அழுத்திப் பின்னால் போகிறேன். அவரை நினைத்துக்கொண்டு இன்று ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் சுருதி பார்த்தேன்.

ஜூன் 19, வியாழன்

முடிந்தது. எட்டு பார், 21 விநாடி, இடமும் வலமும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. தடித்த ஈ கம்பியே 82-இல்தான் தொடங்குகிறது, அதன் கீழே இருந்தது மேசை அதிர்வுதான். தங்கை ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டாள். "ரெண்டு பேர் வாசிக்கிறாங்களா?" என்றாள்.

அவள் போனபின் ஜூன் 6-இன் டிஐ தடத்தைத் திறந்து, இன்றைய ஆம்ப், இன்றைய கேபினெட், அதே கெயின் எல்லாவற்றையும் அதன்மேல் போட்டேன். நான்காவது பாரில் 'டிங்', அப்புறம் அந்த ஏ கம்பி. அந்தக் கோப்பை அழிக்காமல், தேதியைப் பெயராக வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.