காற்றுப் புகாத மூட்டை: மருந்தில்லாமல் தானியம் காக்க

பசுமைப் பொருளாதாரம் என்றதும் பேச்சு சூரியத் தகட்டுக்குப் போய்விடுகிறது. அறுத்த தானியம் வண்டுக்கு இரையானால் அதற்குச் செலவான நீரும் உழைப்பும் வீண் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. கிராமத்து வீட்டுக்குக் கைக்கெட்டும் வழி, காற்றுப் புகாத மூட்டை: உள்ளே 2 தடித்த பாலித்தீன் பைகள், வெளியே நெய்த சாக்கு. வண்டுகள் சுவாசித்தே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். தின்பதை நிறுத்தும், பிறகு சாகும்.

கெடுப்பது ஈரம்தான். மக்காச்சோளம் 13 சதவீதம் ஈரப்பதத்துக்குக் காய வேண்டும். ஈரம் அளக்கும் மீட்டர் இல்லையா? உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம், 2 மேசைக்கரண்டி உலர்ந்த தூள் உப்பு. 2 நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் விடுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல், மறுபடி வெயிலுக்குத்தான். ஒட்டாவிட்டாலும் இன்னொரு நாள் காயட்டும். 13க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம் உப்புக்குத் தெரியாது. ஈரத்தோடு கட்டினால் புளித்த வாடை, பூஞ்சணம். அதில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு சேர்ந்துவிட்டால் சமைத்தாலும் முழுதாகப் போகாது.

வெயில் சூட்டோடு கட்டாதீர்கள். ஆறிய பிறகே நிரப்புங்கள். உள்பையை அழுத்திக் காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்து, இறுக்கிக் கட்டவும். அடுத்த பையும் அப்படியே. முதல் சில வாரங்கள் திறக்கவே கூடாது. ஒரு படி எடுக்கத் திறந்தாலும் வண்டுக்குப் புது மூச்சு கிடைத்துவிடும். அன்றாடச் சமையலுக்குத் தனியாகச் சின்ன மூட்டை. பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். எலி ஒரு துளை போட்டால் போதும், அந்தப் பை வெறும் பைதான்.